பித்தளைப் புல்லர்

பாப்பா,

ஒரு நாள் சாயங்காலம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்ப்பா, கடையில விக்கிற சாமான வாங்காம எதுக்கு நீங்களே செஞ்சுக்கிட்டு இருக்கீக?" என்றாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, ரோட்டு இரைச்சலுக்கு நடுவில், தெரிந்து வைத்துக்கொள்ளலாமே என்பது போலத்தான் கேட்டாய். "அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகக் காலம் தள்ளியவனுக்குப் போன் என்றாலே வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய சாமான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். காரை உன் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியோடு இதையும் உன் கையில் கொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் பஸ் ஏறிவிடுவோம். நாங்கள் போன பிறகு படி. எதிரில் வைத்துப் படித்தால் நான் நடுவில் பேசிக் கெடுப்பேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். உனக்குக் கால்நடை டாக்டராக வேலை கிடைத்து, தருமபுரிப் பக்கம் போ என்று உத்தரவு வந்ததும், "வண்டிய நீயே வச்சிக்க" என்று சொன்னவன் நான்தான். ஊர் ஊராக மாடு பார்க்கப் போகிறவளுக்கு வண்டி இல்லாமல் ஆகாது. நீ கிளம்புகிற அன்று காலையில் காரியாபட்டி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, முன்பக்கம் ஏதோ முனகுகிறது, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது என்றாய். நானும் ஓட்டிப் பார்த்தேன். கேட்டது. "பள்ளம் மேடு பாக்காம ஓட்டுனா இப்படித்தான்" என்று உன்னைத்தான் சொன்னேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். "ஒரு வாரத்துல சரி பண்ணிக் கொண்டாந்து விடுறேன், நீ பஸ்ல போ" என்றேன். நீயும் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அந்த ஒரு வாரம் எப்படி இத்தனை மாதமாக இழுத்தது என்பதுதான் கதை.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. அங்கே போய் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது முனகல் கூடியது. வலது பக்கம் திருப்பினால் அடங்கியது. ஆக, வலது முன் சக்கரம். வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மேலே இருக்கும் ஸ்பிரிங் சுருளில் மறு கையை வைத்தேன். காதில் விழாதது விரலில் தெரிந்தது. பல்லைக் கடிப்பது போல ஒரு நறநறப்பு. உன் அம்மாவையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுவிட்டு, "சரி, நோவு தெரிஞ்சிருச்சுல்ல, வைத்தியத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கெட்டிருந்தது சக்கர பேரிங். உள்ளே ஒரு இரும்பு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் குண்டுகள். அவ்வளவுதான். ஆனால் அதைச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்குள் காற்றுப் புகாத இறுக்கத்தில் அழுத்தி உட்கார வைத்திருப்பார்கள். கையால் பிடுங்கினால் வராது. மெயின் ரோட்டுப் பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே வேறு ஒரு வண்டிக்கு அதே வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் பெரிய சம்மட்டியால் அடித்தார். இரும்பு மேல் இரும்பு. பொறி பறந்தது. பாப்பா, நான் ரெண்டு அடி பின்னால் போய்விட்டேன். எம். புதுப்பட்டியில் எங்கள் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் இரும்பு என்று ஒரு ஆணி போகக் கூடாது. கரண்டி, சல்லடை, தட்டுகிற கட்டை எல்லாம் பித்தளை, மரம், அலுமினியம். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் நம் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் நான் உள்ளே வருவேன். "வீடு ஒண்ணும் வெடிக்காது, வாங்க" என்று உன் அம்மா சொல்லாத நாள் இல்லை.

அடிப்பதில் வேறு தப்பும் இருக்கிறது. அடி வாங்கும் புது பேரிங்கில் குண்டு உருளுகிற பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும், புதுசே முனகத் தொடங்கும். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "அது சரிதான்யா. இதுக்குன்னு புல்லர் செட்டு இருக்கு. வாங்கிட்டு வந்தீகன்னா நானே மாட்டித் தாரேன்" என்றார். புல்லர் என்பது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஒரு பக்கம் கிண்ணம், மறுபக்கம் தட்டு, இரண்டுக்கும் நடுவில் நீளமான திருகு. திருகை முடுக்க முடுக்க, பேரிங் இருந்த இடத்தை விட்டு நகர்ந்து கிண்ணத்துக்குள் வந்து விழும். சத்தமில்லை, பொறியில்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வாங்குகிற ஆசை இல்லை, செய்து பார்க்கிற ஆசை. ஒரு குழாய், ஒரு திருகு, ரெண்டு தட்டு. இதை நாம் செய்ய முடியாதா என்று நினைத்தேன். அன்றைக்கே வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சிவகாசியில் பிரிண்டிங் மிஷின் உருளைகளுக்குக் கடைசல் பிடிக்கிற செல்வம் இருக்கிறார் அல்லவா, என் பழைய சிநேகிதர், அவருடைய லேத் பட்டறைக்குப் போனேன். கையில் ஒரு கனத்த பித்தளைத் தண்டு. தண்டுக்கு மரை போட வேண்டும், அதே பித்தளையில் நட்டும் வேண்டும் என்றேன். அவர் தண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, உங்க வீட்டு வாசல் என்ன மருந்து ரூமா? இரும்புல போட்டா வெடிச்சா போயிரும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் பித்தளைதான் என்று நின்றேன். ஏன் நின்றேன் என்று இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. சாமான் என்று மனசுக்குள் நினைத்தாலே எனக்கு அது மஞ்சளாகத்தான் தோன்றும். காலண்டர் சீசன் என்பதால் மிஷின் வேலைகளை முடித்துவிட்டுத்தான் என் தண்டைத் தொடுவேன் என்றார். நான் அவசரம் இல்லை என்றேன். அப்படிச் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. நீ அங்கே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாய், நான் இங்கே அவசரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்டு வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கலாம். சக்கரத்தைக் கழற்றி, தண்டை நுழைத்து, வீட்டில் கிடந்த ஒரு குழாய்த் துண்டைக் கிண்ணமாக வைத்து முடுக்கினேன். கொஞ்சம் இறுகியது. இன்னும் கொஞ்சம் இறுகியது. நல்லாப் போகிறதே என்று முழு பலத்தையும் கொடுத்தபோது கையில் இருந்த ஸ்பானர் சட்டென்று லேசாகிவிட்டது. மரை அத்தனையும் வழித்துக்கொண்டு போய், நான் மல்லாக்க விழுந்தேன். பேரிங் ஒரு நூல்கூட அசையவில்லை. உன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடி பட்டதா என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பித்தளை ஏன் தாங்கவில்லை என்பதை நான் அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். பொறி வராததற்கு எந்த மென்மை காரணமோ, அதே மென்மைதான் பாரம் தாங்காததற்கும் காரணம். இத்தனை வருஷம் அதைக் கையில் பிடித்தவன் இதை யோசித்ததே இல்லை.

அடுத்து இரும்புக்கு வந்தேன். ஹார்டுவேர் கடையில் முழு நீளத்துக்கும் மரை போட்ட கம்பி விற்கிறார்கள், கூரையில் ஏதாவது தொங்கவிட வாங்குவார்கள். அதை வெட்டி, பழைய தண்ணீர்க் குழாயில் கிண்ணம் செய்து, கனமான வாஷர்களை அடுக்கி இரண்டாவது புல்லரைச் செய்தேன். நீ போனில் கேட்டது இந்தச் சமயத்தில்தான். "நான் இங்கருந்தே ஆர்டர் போட்டு விடவாப்பா? ரெண்டு நாள்ல வந்துரும்" என்றும் சொன்னாய். வேண்டாம், முடியப் போகிறது என்றேன். மறுநாள் முடுக்கும்போது அந்தக் கம்பி முதலில் நீண்டு, பிறகு அறுந்தது. ஒரு வாஷர் பறந்து போய்த் தண்ணீர் டிரம்மில் ஒரு அடி அடித்தது பார், டிரம் நெளிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால்தான் உன் அம்மா அந்த டிரம்மில் தண்ணீர் மொண்டுவிட்டு நகர்ந்திருந்தாள். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். விற்கிற புல்லர்களில் திருகுக்கு மட்டும் ஏன் தனிச் சூடு கொடுத்து உரமேற்றிய இரும்பு போடுகிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது. அப்போதாவது நான் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் செய்யலாம் என்று படம் போட ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் நீ கூப்பிட்டாய். குரல் கம்மியிருந்தது. "ஒரு பசுப்பா. கன்னு திரும்பிக் கெடந்துச்சு. காலைலயே வந்து சொல்லிட்டாக. ரெண்டு பஸ் மாறிப் போனேன், அந்த ஊருக்குள்ள பஸ் போகாது, நடந்தேன். நான் போறதுக்குள்ள கன்னு வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு. இழுத்துத்தான் எடுத்தோம். பசுவக் காப்பாத்திட்டேன்" என்றாய். இதற்கு ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கேட்டது என்ன தெரியுமா? "எப்படி இழுத்த? கயிறு நைலானா, நூலா?" என்று கேட்டேன். நீ பாவம், அதற்கும் பதில் சொன்னாய். "நூல் கயிறுதான்ப்பா. ரெண்டு காலுக்கும் தனித்தனியா சுருக்குப் போடணும். பசு முக்குறப்ப மட்டும் இழுக்கணும். அது நிறுத்துனா நாமளும் நிறுத்தணும். பலமா இழுத்தா தாய்க்கு ஆகாது" என்றாய். அதற்கென்று திருகு வைத்த சாமான் ஏதாவது விற்கிறார்களா என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

உன்னோடு பேசி முடித்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். ஜாக்கி மேல் நின்ற வண்டியைப் பார்த்தாள், நான் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். சத்தம் போடவில்லை. "அம்புட்டுப் பெரிய கம்பெனிய நடத்துன ஆளுக்கு இத வாங்கத் தெரியாதா? புள்ளைய அனுப்பியாச்சு, வண்டியையாவது இங்கனயே வச்சிக்கிடலாம்னு பாக்கீக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் சத்தியமாகத் தெரியவில்லை. அதனால் வண்டியைச் சோதித்ததைப் போலவே என்னையும் சோதித்துப் பார்த்தேன். காசுக்காக வாங்காமல் இருந்தேனா? பித்தளைக்கும் பஸ்ஸுக்கும் லேத்துக்கும் கொடுத்ததில் எப்போதோ வாங்கியிருக்கலாம். செய்து பார்க்கிற ஆசையா? அது உண்மைதான், ஆனால் வண்டியை முதலில் அனுப்பிவிட்டு அதே பித்தளையை வைத்து ஆசை தீரச் செய்திருக்கலாமே, யார் தடுத்தார்கள்? பட்டறைச் சம்மட்டி பிடிக்கவில்லையா? அதற்குத்தான் அந்த மனிதர் வழி சொன்னாரே. எதைத் தட்டினாலும் பொய்ச் சத்தம்தான் கேட்டது. கடைசியில் மிஞ்சியது உன் அம்மா சொன்னது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் வண்டி நிற்கும். நீ உள்ளே தூங்குகிறாய் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள அது போதுமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை ரோட்டில் நிற்க வைத்திருக்கிறேன். ஒரு கன்றுக்குட்டி போய்விட்டது. வண்டி இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்காது என்று நீ சொல்லக்கூடும், சொன்னால் நான் நம்ப மாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது பாப்பா.

மறுநாள் காலையில் மதுரைக்குப் போய் புது பேரிங்கையும் புல்லர் செட்டையும் வாங்கிவிட்டேன். சிவப்புப் பெட்டி. உள்ளே கருத்த திருகு ஒன்று, பெரிதும் சிறிதுமாகக் கிண்ணங்கள், தட்டுகள். கடைக்காரர் பில் போட்டு முடித்த பிறகும் நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "குறை ஏதும் இருக்காய்யா?" என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, நான் செய்ததில் எது இல்லை என்று பார்க்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து மாட்டி முடுக்கினேன். நீ சொன்னது நினைவுக்கு வந்தது. இறுகும்போது நிறுத்தினேன், தளர்ந்ததும் மறுபடி முடுக்கினேன். பழைய பேரிங் முனகிக்கொண்டே நகர்ந்து, கிண்ணத்துக்குள் தொப்பென்று விழுந்தது. ஒரு அடி அடிக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. புது பேரிங்கை உள்ளே அழுத்த வேண்டியபோது, பெட்டியில் இருந்த கிண்ணம் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. ஒன்று சிறிது, உள்வளையத்தில் போய் முட்டியது. உள்வளையத்தில் அழுத்தினால் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் அத்தனையும் கெட்டுவிடும். அடுத்தது பெரிது, ஓட்டைக்குள் நுழையாது. அப்போதுதான் பழைய பேரிங்கின் வெளிவளையம் கண்ணில் பட்டது. அதே அளவு. அதை எடுத்துக்கொண்டு செல்வத்திடம் ஓடினேன். இந்த முறை அவசரம் என்று சொன்னேன். வெளிப்புறம் ஒரு மயிரிழை தேய்த்துக் கொடுத்தார். வாங்கிய திருகு, செய்த வளையம். இரண்டும் சேர்ந்து புது பேரிங்கை வழுக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தன. ஆக, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: அறுந்தால் ஆளை அடிக்கும் என்றால் அதை வாங்கிவிட வேண்டும். அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் செய்துகொள்ளலாம். நடுவில் யாராவது காத்திருந்தால் யோசிக்கவே கூடாது, வாங்கிவிட வேண்டும். இந்தக் கடைசி வரி எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

பழைய பேரிங்கின் மிச்சத்தையும் பிரித்துப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. பள்ளத்தில் விட்டு நீ கெடுத்ததாகச் சொன்னேன் அல்லவா? உள்ளே கிரீஸ் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ஞாயிறுதோறும் சக்கரத்துக்குள் ஹோஸ் பைப்பை விட்டுத் தூசி போக அடித்துக் கழுவியது யார் என்று உனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் எதையும் கழுவாமல் விட மாட்டோம். இனிமேல் நீ வண்டியைத் துணியால் துடைத்தால் போதும்.

நேற்று உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு சூலக்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கம் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன். வேகத்தைக் கூட்டினேன். ஒன்றும் இல்லை, டயர் ஓடுகிற சத்தம்தான். இன்னொரு தடவை போய்ப் பார்ப்போம் என்று திரும்பினேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். ஏன் இன்னொரு தடவை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏதாவது ஒரு சின்னச் சத்தம் கேட்டுவிடாதா என்றுதான் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. வேலை சுத்தமாக முடிந்துவிட்டது. அப்படியே பெட்ரோல் பங்குக்கு விட்டு டாங்கை நிரப்பினேன். நாளை விடியற்காலையில் கிளம்புகிறோம்.

புல்லர் பெட்டி வண்டியின் டிக்கியில் இருக்கிறது, தேய்த்த வளையமும் துணியில் சுற்றி அதற்குள்ளேயே இருக்கிறது. என்றைக்காவது மறுபடி சத்தம் வரும், வராத வண்டி கிடையாது. அப்போது எனக்குப் போன் பண்ணி என்ன செய்யலாம் என்று கேட்காதே. வண்டியை இங்கே அனுப்பவும் வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் யார் கழற்றி மாட்டித் தருகிறாரோ அவரிடம் கொடுத்துவிட்டு, நீ உன் மாட்டைப் பார்க்கப் போ. எல்லாம் முடிந்த பிறகு, உனக்கு நேரம் இருந்தால், எதை வைத்துக் கழற்றினார் என்று மட்டும் எனக்குச் சொல்.

அப்பா